மருத்துவச் சின்னத்தில் பாம்பு ஒன்றா, இரண்டா?

கேள்வி இதுதான்: "சில ஆஸ்பத்திரி போர்டுகளில் ஒரு கோலில் ஒற்றைப் பாம்பு சுற்றியிருக்கிறது. சிலவற்றில் இறக்கை முளைத்த கோலில் இரண்டு பாம்புகள். எது சரி? ஆளைக் கொல்லும் பாம்பு எப்படி மருத்துவத்துக்குச் சின்னமானது?"

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒற்றைப் பாம்புதான் மருத்துவம். அந்தக் கோலுக்குச் சொந்தக்காரர் அஸ்கிலீப்பியஸ் என்ற கிரேக்க வைத்தியத் தெய்வம். இறக்கையும் இரட்டைப் பாம்பும் உள்ள கோல் ஹெர்மிஸ் என்ற வேறொரு தெய்வத்துடையது. ஹெர்மிஸ் தூதர்களுக்கும் வணிகர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் தெய்வம். திருடர்களும் அவரைத்தான் கும்பிட்டார்கள். செத்தவர்களின் உயிரைப் பாதாளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் விடுவதும் அவர் வேலை. ஆஸ்பத்திரி வாசலில் மாட்டுவதற்கு அவ்வளவு பொருத்தமான ஆள் இல்லை.

நான் டாக்டர் இல்லை, அச்சகம் நடத்துகிறவன். ட்ரெடில் மெஷினும் ஈய எழுத்தும் இருந்த காலத்திலிருந்து டாக்டர்களுக்கு லெட்டர்பேடும் மருந்துச் சீட்டும் அடித்துக் கொடுத்து வருகிறேன். அப்போது எங்களிடம் இருந்தது படம் அடிக்கும் அச்சு, அதாவது பிளாக், ஒரே ஒன்று: இறக்கை வைத்த இரட்டைப் பாம்பு. ஊரிலுள்ள எல்லா டாக்டருக்கும் அதுதான். ஒருநாள் ஒரு வயதான டாக்டர் பேடைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, என்னை யாவாரி ஆக்கிட்டியே" என்றார். ஆயிரம் தாள் அடித்து, வெட்டி, ஒட்டி முடித்திருந்தது. காசு வாங்காமல் திருப்பி அடித்துக் கொடுத்தேன். அந்த எரிச்சலில்தான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தேடிக்கொண்டே போனால், இந்தத் தப்பில் ஒரு பங்கு எங்கள் தொழில்காரர்கள் மேலேயே வந்து விழுந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியட் காவியத்தில் அஸ்கிலீப்பியஸ் தெய்வமே இல்லை. குற்றம் சொல்ல முடியாத நல்ல வைத்தியர், அவ்வளவுதான். அவருடைய மகன்கள் மகாவோனும் பொதலீரியோஸும் டிராய் போர்க்களத்தில் அம்பைப் பிடுங்கி, ரத்தத்தைத் துடைத்து, மருந்து வைக்கிறார்கள். தெய்வமானது அதற்குப் பிறகு. கதைப்படி அப்பா அப்போலோ என்ற தெய்வம். அம்மா கொரோனிஸ் கர்ப்பமாக இருக்கும்போது வேறொருவனோடு சேர்ந்தாள் என்று கொல்லப்படுகிறாள். சிதை எரிந்துகொண்டிருக்கும்போதே அவள் வயிற்றிலிருந்து குழந்தையை எடுத்துக் காப்பாற்றுகிறார் அப்போலோ. கோள் சொல்லி வந்த அண்டங்காக்கை அதுவரை வெள்ளையாகத்தான் இருந்ததாம், அன்றைக்குக் கறுத்தது. பிள்ளையை வளர்த்து வைத்தியம் சொல்லிக்கொடுத்தது கைரோன், இடுப்புக்குக் கீழே குதிரை உடம்பு கொண்டவர். கற்றது முற்றிப்போய், சிஷ்யன் செத்தவரையே எழுப்பிவிட்டான். தெய்வங்களுக்கெல்லாம் அரசரான ஜீயஸ் இடியால் அடித்துக் கொன்றார். கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பிண்டார், கையில் மினுங்கிய பொன்னுக்கு ஆசைப்பட்டுத்தான் எழுப்பினார் என்று சொல்கிறார். டாக்டர்கள் காசுக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்ற புகார் எவ்வளவு பழசு பாருங்கள்.

இனி பாம்பு. அது எப்படி அவரிடம் வந்தது என்பதற்குப் புத்தகத்தில் இருப்பதைவிடக் கோயிலில்தான் நல்ல பதில் இருக்கிறது. கிரேக்கத்தின் தெற்குப் பகுதியில் எபிடாரஸ் என்று ஓர் ஊர். அங்கேதான் அவருடைய பெரிய கோயில். இன்று சுற்றுலாப் பயணிகள் போவது அங்குள்ள கி.மு. 4ஆம் நூற்றாண்டுத் திறந்தவெளி அரங்கைப் பார்க்க. அந்தக் காலத்தில் போனவர்கள் நோயாளிகள். குளித்து, காணிக்கை செலுத்தி, ராத்திரி அபாட்டோன் என்ற நீளமான மண்டபத்தில் படுத்துத் தூங்க வேண்டும். சாமி கனவில் வந்து வைத்தியம் பார்ப்பார், அல்லது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார். கோயில் எல்லைக்குள் யாரும் சாகக் கூடாது, பிரசவமும் கூடாது.

குணமானவர்களின் கதைகளைக் கல்லில் வெட்டி நிறுத்தியிருந்தார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பாசேனியஸ் என்ற பயணி போனபோது ஆறு கற்கள் மிச்சமிருந்தன. சில இன்றும் கிடைத்திருக்கின்றன. அதில் ஒரு கதை நம் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறது. ஒரு ஆளுக்குக் கால் விரலில் ஆறாத புண். பகலில் வேலைக்காரர்கள் அவனைத் தூக்கி வந்து வெளியே உட்கார வைக்கிறார்கள். அவன் அப்படியே கண் அயர்கிறான். அபாட்டோனுக்குள்ளிருந்து ஒரு பாம்பு வருகிறது, புண்ணை நாக்கால் நக்குகிறது, திரும்ப உள்ளே போய்விடுகிறது. விழித்துப் பார்த்தால் புண் ஆறியிருக்கிறது. அவனைக் கேட்டால், "அழகான ஒரு வாலிபன் வந்து என் விரலில் மருந்து தடவினான்" என்கிறான். சுற்றி நின்றவர்கள் பார்த்தது பாம்பை. தூங்கியவன் பார்த்தது சாமியை. பாம்பு சாமியின் வாகனமும் இல்லை, ஆபரணமும் இல்லை. சாமியே அதுதான்.

இன்னொரு கல்வெட்டுக் கதையைச் சொல்லாமல் தாண்ட மனசு வரவில்லை. ஏதென்ஸிலிருந்து அம்புரோசியா என்று ஒருத்தி வந்தாள். ஒரு கண் தெரியாது. அங்கே எழுதியிருந்த கதைகளைக் கேட்டுவிட்டு, "நொண்டி நடந்தானாம், குருடன் பார்த்தானாம், வெறும் கனவு கண்டதுக்கு" என்று சிரித்தாள். ராத்திரி கனவில் சாமி வந்தார். குணப்படுத்துகிறேன், ஆனால் உன் அறியாமைக்கு ஞாபகமாக ஒரு வெள்ளிப் பன்றி செய்து வைக்க வேண்டும் என்றார். கண்ணைக் கீறி மருந்து ஊற்றினார். காலையில் கண் தெரிந்தது. பன்றியைக் கடவுளே கேட்டு வாங்கியிருக்கிறார். குசும்பு பிடித்த சாமி.

காணிக்கை என்றதும் ஒன்று. கொரிந்த் நகரத்து அஸ்கிலீப்பியஸ் கோயிலைத் தோண்டியபோது சுட்ட மண்ணில் செய்த கை, கால், கண், காது, மார்பு எல்லாம் கிடைத்தன. எந்த உறுப்பு குணமானதோ அந்த உறுப்பை வார்த்து வைத்திருக்கிறார்கள். வைத்தீஸ்வரன் கோயிலிலோ வேளாங்கண்ணியிலோ தகட்டில் கண்ணும் காலும் வாங்கிப் போட்டவர்களுக்கு அதைப் பார்த்தவுடன் விஷயம் புரிந்துவிடும், விளக்கப் பலகை தேவையில்லை. சேவலும் உண்டு. விஷம் குடித்துச் சாகப் போகிற சாக்ரடீஸ் கடைசியாகச் சொன்னது, "கிரிட்டோ, அஸ்கிலீப்பியஸுக்கு நாம் ஒரு சேவல் கடன் பட்டிருக்கிறோம், மறக்காமல் கொடுத்துவிடு" என்பதுதான். நேர்த்திக்கடன்.

சரி, அந்தக் கோயில்களில் இருந்தது என்ன பாம்பு? இங்கேதான் பெரும்பாலானோர் வழி தவறுகிறார்கள். நமக்குக் கோயிலும் பாம்பும் சேர்ந்தால் நல்லபாம்புதான் ஞாபகம் வரும். அதனால் "விஷமே மருந்து, மருந்தே விஷம், அதைத்தான் இந்தச் சின்னம் காட்டுகிறது" என்று ஒரு விளக்கம் எல்லா இடத்திலும் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எபிடாரஸ் பாம்புகள் பழுப்பு மஞ்சள் நிறம், மனிதரோடு சாதுவாகப் பழகும் என்று பாசேனியஸ் எழுதியிருக்கிறார். இன்று அஸ்கிலீப்பியஸ் பெயராலேயே அழைக்கப்படும் ஒரு பாம்பினம் ஐரோப்பாவில் உண்டு. இரண்டு மீட்டர் வரை வளரும், மரம் ஏறும், எலி பிடிக்கும், விஷம் கிடையாது. நம் ஊர்க் கணக்கில் சாரைப்பாம்பு மாதிரி. நோயாளிகள் தரையில் படுத்துத் தூங்கும் மண்டபத்தில் விஷப்பாம்பை எவன் விடுவான்?

அப்படியானால் பாம்புக்கு ஏன் அந்த மரியாதை? சட்டை உரிக்கிறதே, அதனால். கிரேக்கத்தில் 'கீராஸ்' என்ற ஒரே சொல்லுக்கு முதுமை என்றும் பொருள், பாம்பு உரித்துப்போட்ட சட்டை என்றும் பொருள். பாம்பு தன் கிழத்தனத்தையே கழற்றிப் போட்டுவிட்டுப் போகிறது என்று அவர்கள் மொழியே சொல்லிவிடுகிறது. நமக்கு அது வெறும் சட்டை. கி.பி. 1ஆம் நூற்றாண்டில் கொர்னூட்டஸ் என்ற தத்துவ அறிஞர் இதையே காரணமாக எழுதி வைத்திருக்கிறார்: வைத்தியம் பார்த்துக்கொள்பவரும் பாம்பு போலப் பழைய உடம்பைக் கழற்றிப் புதுசாகிறார், கோல், விழாமல் இருக்கப் பிடித்துக்கொள்ள. இந்த எண்ணம் கிரேக்கருக்கு முந்தியது. மெசபடோமியாவின் (இன்றைய ஈராக் பக்கம்) கில்கமேஷ் காவியத்தில், நாயகன் கில்கமேஷ் கடலடியிலிருந்து பறித்து வந்த இளமை தரும் செடியை, அவன் குளத்தில் குளிக்கும் நேரம் பார்த்து ஒரு பாம்பு தின்றுவிடுகிறது. போகும்போதே சட்டையை உரித்துப் போட்டுவிட்டுப் போகிறது.

கோலையும் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பழைய சிலைகளில் அஸ்கிலீப்பியஸ் தாடி வைத்த நடுவயது ஆள். ஒரு பக்கம் சாய்ந்து, முண்டும் முடிச்சுமான ஒரு தடியை அக்குளில் முட்டுக் கொடுத்து நிற்பார். ஊர் ஊராக நடந்து வைத்தியம் பார்த்தவனின் கைத்தடி அது. மேலே இறக்கை, உருண்டை, எதுவும் கிடையாது. ஒற்றைப் பாம்பு கீழிருந்து சோம்பலாக ஏறிக்கொண்டிருக்கும். மகள் ஹைஜீயா கையில் ஒரு கிண்ணம், அதிலிருந்து பாம்பு குடிக்கும். ஐரோப்பாவில் பல மருந்துக்கடைகளின் சின்னம் அந்தக் கிண்ணமும் பாம்பும்தான். இன்னொரு மகள் பனாசியா, 'சர்வரோக நிவாரணி' என்று பெயர். பழைய கிரேக்க வைத்தியர் ஹிப்போகிராட்டஸ் பெயரில் டாக்டர்களுக்கு உள்ள உறுதிமொழி அப்போலோ, அஸ்கிலீப்பியஸ், இந்த இரண்டு பெண்கள் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறது. ஹெர்மிஸ் பெயர் அதில் இல்லை.

ரோமாபுரிக்குச் சாமி போனதும் பாம்பாகத்தான். கி.மு. 293இல் அங்கே கொள்ளைநோய். எபிடாரஸிலிருந்து அஸ்கிலீப்பியஸை அழைத்து வரச் சொல்லிக் குறி வந்தது. தூதர்கள் கப்பலில் போனார்கள். கோயில் பாம்பு தானாகவே வந்து கப்பலில் ஏறிக்கொண்டதாம். டைபர் ஆற்றுக்குள் கப்பல் நுழைந்ததும் தண்ணீரில் குதித்து, நடு ஆற்றுத் தீவில் போய் ஏறியது. அங்கேயே கோயில் கட்டினார்கள், கி.மு. 291இல். பிறகு தீவையே கப்பல் வடிவத்தில் கல்லால் கட்டினார்கள். அதன் ஒரு துண்டு இன்னும் இருக்கிறது, பாம்பு சுற்றிய கோல் அதில் செதுக்கியிருக்கிறது. இதில் எனக்குப் பிடித்தது, அந்தத் தீவில் 16ஆம் நூற்றாண்டில் வந்த ஆஸ்பத்திரி இன்றும் நடக்கிறது என்பதுதான். நடுவில் தெய்வம் மாறியது, மதம் மாறியது. இடத்தின் வேலை மாறவில்லை.

இப்போது அடுத்த கோல். ஹெர்மிஸ் பிறந்த அன்றைக்கே தொட்டிலிலிருந்து இறங்கிப் போய் அண்ணன் அப்போலோவின் மாடுகளைத் திருடியவர். ஆமை ஓட்டில் யாழ் செய்து கொடுத்து அண்ணனைச் சமாதானப்படுத்தி, பதிலுக்கு ஒரு பொற்கோலை வாங்கிக்கொண்டார். அது தூதுவனின் கோல். கிரேக்கத்தில் போர் நடக்கும்போது இந்த மாதிரிக் கோலைப் பிடித்துக்கொண்டு போகிற ஆளைத் தொடக் கூடாது. பழைய பானை ஓவியங்களில் அதில் பாம்பு இல்லை. மேல்நுனியில் 8 என்ற எண்ணின் தலையை வெட்டிவிட்ட மாதிரி ஒரு வளைவு, அவ்வளவுதான். அந்த வளைவு காலப்போக்கில் இரண்டு பாம்புகளானது. பிறகு அதற்கு ஒரு கதையும் வந்தது: சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு பாம்புகளுக்கு நடுவே ஹெர்மிஸ் கோலை வைத்தார், அவை விலகிக்கொண்டன, அதனால் அது சமாதானத்தின் கோல். ரோமானியர் இவரை மெர்க்குரி என்றார்கள். பணப்பையைக் கையில் பிடித்திருப்பார். யாவாரி.

இவர் எப்படி ஆஸ்பத்திரிக்குள் வந்தார்? ஒரு வழி ரசவாதம். மெர்க்குரி என்றால் பாதரசமும்தான். மருந்து காய்ச்சியவர்களும் ரசவாதிகளும் பெரும்பாலும் ஒரே ஆட்களாக இருந்த காலத்தில் அந்தக் கோல் மருந்துப் புட்டிகளுக்குப் பக்கத்தில் வந்து சேர்ந்தது. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் மருத்துவர் வில்லியம் பட்ஸ் தன் குலச்சின்னத்திலேயே அதை வைத்துக்கொண்டார்.

இரண்டாவது வழிதான் நான் சொன்ன வழி. அச்சகம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் யோஹன் ஃப்ரோபன் என்ற பேர்பெற்ற அச்சுக்காரர் இருந்தார். அவருடைய அச்சக முத்திரை இரட்டைப் பாம்புக் கோல், உச்சியில் ஒரு புறா. அவர் எந்தப் புத்தகம் அடித்தாலும் அது இருக்கும். அதில் தப்பே இல்லை: அச்சுக்காரன் சேதியைக் கொண்டு போகிறவன், விற்கிறவனும்கூட. ஹெர்மிஸ் அவனுக்குச் சரியான தெய்வம். ஆனால் அந்த அச்சகம் மருத்துவப் புத்தகங்களும் அடித்தது. அவருக்குப் பிறகு 1538இல் ஹிப்போகிராட்டஸின் கிரேக்கப் பதிப்பு அங்கேதான் வந்தது. 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஜான் சர்ச்சில் என்ற மருத்துவப் பதிப்பாளர் அதே கோலைத் தன் முத்திரையாக வைத்தார். ஒரு பாம்பு மருத்துவம், மற்றது இலக்கியம் என்று அவர் கணக்கு. அந்தப் புத்தகங்கள் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போயின. அங்கே படித்த டாக்டர்கள் முதல் பக்கத்தில் என்ன பார்த்தார்கள்? பதிப்பாளரின் முத்திரையை. அதை மருத்துவத்தின் முத்திரை என்று எடுத்துக்கொண்டார்கள்.

இது அவர்களாகச் செய்த தப்பு என்று சொல்லி நான் கழன்றுகொள்ளலாம். ஆனால் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இன்னொரு காரணமும் எனக்குத் தெரியும். இரட்டைப் பாம்பை லெட்டர்பேடு நடுவில் வைத்தால் அம்சமாக உட்காரும். இடது வலது சமம், மேலே இறக்கை விரிந்து தலைப்பைத் தாங்கும். ஒற்றைப் பாம்பு எப்படி வைத்தாலும் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரியே இருக்கும். கண்ணுக்கு எது எளிதோ அது ஜெயித்தது. இது என் அனுமானம்தான், ஆனால் பேடை அடித்துக் கையில் கொடுத்து முகத்தைப் பார்த்தவன் சொல்கிறேன்.

அமெரிக்க ராணுவம் இந்தத் தப்புக்குச் சட்டை மாட்டிவிட்டது. 1850களில் ராணுவ ஆஸ்பத்திரிப் பணியாளர்களின் கைப்பட்டையில் இரட்டைப் பாம்பு ஏறியது. 1902இல் ஃபிரெட்ரிக் ரெனால்ட்ஸ் என்ற ராணுவ மருத்துவ அதிகாரி விடாமல் வற்புறுத்தி, ராணுவ மருத்துவப் பிரிவு முழுவதற்கும் அதைச் சின்னமாக்கினார். அதற்கு நான்கு வருடம் முன்பு தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் ராணுவ மருத்துவப் பிரிவு ஒற்றைப் பாம்பைத்தான் எடுத்திருந்தது. பிறகு சிலர் அமெரிக்க ராணுவத்துக்காக வக்காலத்து வாங்கினார்கள்: மருத்துவர்கள் போரிடாதவர்கள், தூதுவனின் கோல் போரிடாதவனின் அடையாளம், ஆகவே பொருத்தம்தான் என்று. சாமர்த்தியமான வாதம். ஆனால் முதலில் தப்பு, பிறகு காரணம் என்பது தெரிகிறது. இரண்டு உலகப்போர்களில் அந்தச் சட்டைப் பட்டையைப் பார்த்து உலகமே பழகிவிட்டது.

அமெரிக்க மருத்துவர் சங்கம் 1910களிலேயே ஒற்றைப் பாம்புக்கு வந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் 1948ஆம் வருடத்துச் சின்னத்திலும் ஒன்றுதான். ஆம்புலன்ஸ்களில் நீல நிறத்தில் ஆறு முனை நட்சத்திரம் பார்த்திருப்பீர்கள், நடுவிலிருப்பது ஒற்றைப் பாம்பு. வால்டர் ஃபிரீட்லாண்டர் என்பவர் அமெரிக்காவில் 242 சின்னங்களை எடுத்துக் கணக்குப் பார்த்தார். மருத்துவர்களின் சங்கங்களில் 62 சதவீதம் ஒற்றைப் பாம்பு. மருத்துவத்தை வியாபாரமாக நடத்தும் நிறுவனங்களில் 76 சதவீதம் இரட்டைப் பாம்பு. யாருக்கும் தெரியாமலேயே மெர்க்குரி தன் ஆட்களைச் சரியாகக் கண்டுபிடித்து எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இனி, இந்தப் பேச்சு வந்தாலே வந்து விழும் சில விளக்கங்கள். முதலாவது நரம்புச் சிலந்தி. இளைய தலைமுறைக்கு அந்தப் பெயரே தெரியாது, நல்லது. படிக்கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தால் உடம்புக்குள் போகும் ஒரு புழு. ஒரு வருடம் கழித்து, முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் நீளத்தில், காலில் கொப்புளம் போட்டு வெளியே தலை நீட்டும். பிடித்து இழுத்தால் அறுந்து சீழ் வைக்கும். அதனால் ஒரு குச்சியில் சுற்றி நாளுக்குக் கொஞ்சமாக, வாரக்கணக்கில் இழுப்பார்கள். இந்தியாவில் கடைசி நோயாளி ராஜஸ்தானில், 1996இல். 2000ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து ஒழிந்துவிட்டதாகச் சான்று கிடைத்தது. குச்சியில் சுற்றிய அந்தப் புழுதான் மருத்துவச் சின்னமானது என்று ஒரு கருத்து இருக்கிறது. படம் கண்ணில் ஒட்டிக்கொள்ளும், அதனால் நிறையப் பேர் நம்புகிறார்கள். எனக்கு ஒப்புக்கொள்ள முடியவில்லை. கிரேக்க எழுத்தாளர்கள் அந்தப் புழுவைச் செங்கடல் பக்கத்து மக்களின் நோயாகத்தான் சொன்னார்கள். அஸ்கிலீப்பியஸ் பற்றி அவ்வளவு எழுதியவர்களில் ஒருவரும் புழுவைச் சொல்லவில்லை. கோயிலில் உயிரோடு பாம்பு ஊர்ந்துகொண்டிருக்கும்போது புழு எதற்கு?

இஸ்ரவேலர் வனாந்தரத்தில் கொள்ளிவாய்ச் சர்ப்பங்களால் கடிபட்டபோது மோசே வெண்கலச் சர்ப்பம் செய்து கம்பத்தில் தூக்கி வைத்ததை பைபிள் படித்தவர்கள் சொல்வார்கள். பார்த்தவன் பிழைத்தான். பிற்காலத்தில் அதற்கே மக்கள் தூபம் காட்டத் தொடங்கியதால் எசேக்கியா ராஜா உடைத்துப் போட்டார். குணமாக்கும் பாம்பு என்ற எண்ணம் அந்தப் பக்கமெல்லாம் இருந்தது என்பதற்கு இது நல்ல சாட்சி. அதற்கு மேல் நேர்க்கோடு போட முடியாது.

இரண்டு பாம்பு பின்னிய உருவத்திலேயே மிகப் பழையவற்றில் ஒன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெசபடோமியாவின் தெற்கே இருந்த சுமேரியாவில் லகாஷ் நகரத்தை ஆண்ட குதியா மன்னனின் கல் குவளை, சுமார் கி.மு. 2100. அவனுடைய குலதெய்வம் நின்கிஷ்சிதாவுக்குப் படைத்தது. அது பாதாளத்தோடு தொடர்புள்ள தெய்வம், வைத்தியத் தெய்வம் இல்லை. மெசபடோமியாவின் வைத்தியத் தெய்வம் குலா என்ற பெண் தெய்வம், அவள் காலடியில் இருப்பது நாய். அவள் கோயில் இருந்த ஈசின் நகரத்தில் முப்பதுக்கு மேற்பட்ட நாய்களை அடக்கம் செய்திருந்தது தோண்டும்போது தெரியவந்தது. நம் தன்வந்திரி கையில் சில இடங்களில் அட்டை இருக்கும், கெட்ட ரத்தத்தை உறிஞ்சுவதற்கு. பாம்பு ஒன்றுதான் வைத்தியத்தின் உலகப் பொதுச் சின்னம் என்று யாராவது அடித்துச் சொன்னால் இந்த நாயையும் அட்டையையும் காட்டுங்கள்.

அப்புறம் நம் ஆட்கள் நிச்சயம் கேட்பது: அரசமரத்தடி நாகக்கல்லும் இரண்டு பாம்பு பின்னியதுதானே? யோகத்தில் சொல்லும் நாடிகள், இடகலை, பிங்கலை, நடுவில் சுழுமுனை, இதெல்லாம் இங்கிருந்து அங்கே போனதுதானே? ஒரே மாதிரி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஹெர்மிஸின் கோலில் முதலில் பாம்பே இல்லை, வெறும் வளைவுதான் என்று மேலே பார்த்தோம். நாடிகளைக் காட்ட வரைந்தது என்றால் பாம்புதானே முதலில் வந்திருக்க வேண்டும்? இரண்டு இடத்திலும் மனிதர்கள் ஒரே காட்சியைப் பார்த்தார்கள் என்று சொன்னால் ஒப்புக்கொள்வேன். வயல் வரப்பில் இரண்டு சாரைப்பாம்புகள் எழும்பிப் பின்னிக்கொள்வதைப் பார்த்தால் ஊரே கூடிவிடும், புதுவேட்டியை மேலே போட்டால் அதிர்ஷ்டம் என்பார்கள். சாரையும் நல்லபாம்பும் கூடுகின்றன என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் அது இரண்டு ஆண் சாரைகள் மல்லுக்கட்டுவதுதான். கிரேக்கத்தில் ஹெர்மிஸ் விலக்கிவிட்டதும் சண்டை போட்ட இரண்டு பாம்புகளைத்தானே.

போர்டு வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிவப்புக் கூட்டல் குறியைப் போட்டுவிட்டால் பாம்புத் தொல்லையே இல்லை என்று நினைக்காதீர்கள். வெள்ளைமேல் சிவப்புச் சிலுவை செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் ராணுவ மருத்துவப் பிரிவுக்கும் உரியது. 1960ஆம் வருடத்து ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டப்படி மற்றவர்கள் போடக் கூடாது. நான் அடித்துத் தருவதில்லை. ஒற்றைப் பாம்பு கேட்டால் தருகிறேன். எங்கள் டிடிபி பையன் ஒருமுறை கம்ப்யூட்டரில் படம் வரையும் கோரல்டிராவில் இரண்டில் ஒரு பாம்பை மட்டும் அழித்துவிட்டு, "அண்ணே, சரியாப் போச்சு" என்றான். இறக்கை அப்படியே இருந்தது. இறக்கையை எடு, உருண்டையை எடு, வழுவழுக் குச்சியைத் தடியாக்கு என்று உட்கார்ந்து வரைய வைத்தேன்.

அந்தப் பழைய பிளாக் இன்னும் மேஜை மேல்தான் இருக்கிறது, தாள் பறக்காமல் இருக்க. போன வருடம் பார்சல் சர்வீஸ் ஆரம்பித்த ஒரு தம்பி லெட்டர்பேடு அடிக்க வந்தார். என்ன சின்னம் போடலாம் என்று கேட்டார். பிளாக்கைத் துடைத்து, மை தொட்டு, ஒரு தாளில் அழுத்திக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அண்ணே, இது ஆஸ்பத்திரி சின்னம் மாதிரி இருக்கே" என்றார்.